பொறுத்தல் இசைவாகுமோ?

நமது திலக் நகருக்குத் தெற்கே, டிராம்பே மாஹுல் பகுதியில் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. இத்தகைய ஆலைகளின் கந்தகப் புகை இலையின் நுண்துளைகள் வழியே புகுந்து, ஈரத்தில் கரைந்து அமிலமாகிப் பச்சையத்தைக் கெடுக்கும். அப்போது நரம்புகளுக்கிடையே இலை வெளுக்கும்; ஓரம் கருகும்.

ஆயினும் எல்லாத் தாவரங்களும் ஒருபடித்தானவை அல்ல. பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் கல்பாசி இனங்கள் பல, காற்றுக் கெட்டதும் முதலில் மறைந்துபோம். இதனை 1866-இல் பாரிஸ் நகரில் நைலாண்டர் என்னும் அறிஞர் கண்டுரைத்தார். அரசமரமோ பெரிதும் தாங்கி நிற்கும். அதன் பசுமையைக் கண்டு, காற்றில் குறையில்லை என்பார் உளர்.

பஞ்சாலையில் தூசியைச் சுவாசித்தபடி நாம் ஆண்டுக்கணக்கில் நின்றோம். நின்றமையால் தூசி தீங்கற்றதாகுமோ? தாங்குதல் வேறு, இசைதல் வேறு. விலகியோட இயலாத உயிரின் பொறுமையைச் சாட்சியாக்கித் தீங்கிழைத்தல் அறமன்று.

மாஹுல், அம்பாபாடா மக்கள் முறையிட்டனர். 2020-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் காற்றுக் கேட்டிற்காக நான்கு நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மரம் முறையிட அறியாது. பசும்புல்லும் சிற்றுயிரும் மிதிபடாதிருக்கவே பகவர் மழைக்காலத்தில் பிக்குகளை ஓரிடத்தே தங்கச் செய்தார். அவ்வழி நிற்கும் நாம், வெளுத்த இலையையும் ஒரு முறையீடாகக் கொள்வோமாக.