முதிர்ந்த விண்மீனின் கொடை

முதுமை என்றவுடன் மனித மனம் தளர்ச்சியையே எண்ணுகிறது. ‘இனி நம்மால் ஆவது யாது?’ என்று பெரியோர் பலர் தம்மைத் தாமே சிறுமைப்படுத்திக் கொள்கின்றனர். வானை ஆராய்ந்தோர் கண்டதோ வேறு.

சூரியனை ஒத்த விண்மீன்களும், அதனினும் சில மடங்கு பெரியவையும், முதுமையில் பருத்துச் செம்பூதங்களாகின்றன. மையத்தில் ஹைட்ரஜனும் ஹீலியமும் தீர்ந்து, கார்பனும் ஆக்ஸிஜனுமே எஞ்சுகின்றன. அதனைச் சூழ்ந்த மெல்லிய அடுக்குகளில் மட்டும் அணுநெருப்பு எரிகிறது. பார்ப்பவர்க்கு இது அந்திமக் காலம். ஆயினும் கனத்த தனிமங்கள் அங்கே உருவாவது இப்போதுதான்.

கார்பன்-13 அணுக்கரு ஹீலியத்துடன் இணையும்போது ஒரு நியூட்ரான் விடுபடுகிறது. முந்தைய விண்மீன்கள் விட்டுச் சென்ற இரும்பின் அணுக்கரு அதனை ஏற்றுக்கொள்கிறது. (அந்த இரும்பு இவ்விண்மீனின் சொந்த ஈட்டம் அன்று; பிதுரார்ஜிதம் எனலாம்.) அடுத்த நியூட்ரான் வந்து சேர ஆண்டுகள் பல கழியலாம். இடையில், நிலைகொள்ளாத அணுக்கருவினுள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறிவிடுகிறது. அடுத்த தனிமம் பிறக்கிறது. ஸ்ட்ரான்சியம், சிர்கோனியம், பேரியம் எனப் படிப்படியாக ஏறி ஈயம் வரை செல்லும் இப்பணிக்கு அவசரமே கிடையாது. தங்கத்தின் பெரும்பகுதி இவ்வழியில் தோன்றுவதில்லை. அதற்கு அண்டத்தின் பெரும் கொந்தளிப்புகள் வேண்டும். உலகம் தங்கத்தையே போற்றுகிறது!

இது வெறும் ஊகமா? 1952-இல் பால் மெரில் என்னும் அமெரிக்க வானியலாளர், செம்பூத விண்மீன்கள் சிலவற்றின் ஒளியில் டெக்னீசியத்தைக் கண்டார். அத்தனிமத்தின் மிக நீண்ட ஆயுளுடைய வகையும் சுமார் 42 லட்சம் ஆண்டுகளில் பாதியாய்க் குறைந்துவிடும். அவ்விண்மீன்களின் வயதோ அதனினும் மிகப் பெரிது. பிறவியிலேயே பெற்றிருந்தால் என்றோ அழிந்திருக்கும். ஆகவே, முதுமையில் அங்கேயே உண்டாக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஆக்கியதை உள்ளேயே வைத்துக்கொண்டால் யாருக்குப் பயன்? எஞ்சும் வெண்குறு விண்மீனோடு அதுவும் சிறைப்பட்டுப் போகும். உள்ளிருக்கும் கொந்தளிப்பு அதனை மேற்பரப்புக்குக் கொணர்கிறது. விண்மீன் தன் உடலையே காற்றாக வெளியில் வீசிவிடுகிறது. அவ்வாறு வீசப்பட்ட துகள்களுள் சில, 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் ஊரில் வீழ்ந்த விண்கல்லினுள் தங்கியிருந்தன. அவற்றைத் தனித்தனியே சோதித்தவர்கள், டெக்னீசியம் அழிந்து ருத்தீனியமான சுவடு இருப்பதை 2004-இல் அறிவித்தனர். துகள்கள் சூரியனினும் மூத்தவை. அவற்றை ஈந்த விண்மீன்கள் இன்று செம்பூதங்களாக இல்லை.