அளக்கும் முன்பே

ராயபுரத்தின் புனித ராயப்பர் கோயில் படகோட்டிகள் கட்டியது. 1870களில் துறைமுக வேலை தொடங்கும் வரை, சென்னைக்கு வரும் கப்பல்கள் கரையை நெருங்காமல் எட்டவே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தது மசூலாப் படகு. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைகள். அலை அறைந்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். அந்தக் கூலியில் சேர்த்த பணத்தில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோயில் எழுந்தது. மிச்சம் விழட்டும், கொடுக்கலாம் என்று அவர்கள் காத்திருந்தால் ஒரு வரிசைச் செங்கல்கூட ஏறியிருக்காது.

திருவொற்றியூரில் என் ஆயா, உலையில் போட அரிசி அளக்கும் முன் ஒரு பிடி எடுத்து டால்டா டப்பாவில் போட்டுவிடுவார். பிடியரிசிக் காணிக்கை. ஞாயிற்றுக்கிழமை அது சபைக்குப் போகும், அங்கிருந்து இல்லாத வீடுகளுக்கு. ஸ்டான்லி மருத்துவமனையைக் கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொன்னவர் அவர். 1782 பஞ்சத்தில், அந்த மருத்துவமனைக்கு மூலமான மணியக்காரர் சத்திரத்தில் ஊற்றிய கஞ்சி அந்தப் பேரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாத்தாவுக்கு லே-ஆஃப் கொடுத்த மாதங்களில் கடையில் கடன் சொல்லித்தான் அரிசி வாங்கினோம். அந்த அரிசியிலும் ஒரு பிடி போனது. "கடன் அரிசியில என்ன காணிக்கை?" என்று தாத்தா கத்துவார். "பசிக்கிறவனுக்கு அது தெரியுமா?" என்பார் ஆயா.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையின் கதை இங்கே ஞாபகம் வருவது இயல்பு. எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. இயேசு அவளைப் புகழ்ந்தார், சரி. அன்று ராத்திரி அவள் என்ன சாப்பிட்டாள்? மாற்கு சுவிசேஷத்தில் அதற்குச் சற்று மேலே பார்த்தால், விதவைகளின் வீடுகளை விழுங்குகிற பெரிய மனிதர்களை அவர் கண்டிக்கிறார். நம் பிரசங்கங்களில் பெரும்பாலும் காசு வருகிறது, வீடு வருவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து படிந்தது. மீனவர்கள் மக்கிலும் வாளியிலும் அதை அள்ளினார்கள். வலையும் படகும் கறுத்துக் கிடந்த அந்த நாட்களில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பசி நாளை வரை பொறுக்காது. ஆனால் பேனர் கட்டி, வாங்குகிறவர் முகத்தை போட்டோ எடுத்துக் கொடுப்பது வலது கை செய்வதை இடது கைக்கு மட்டுமல்ல, ஊருக்கே அறிவிப்பது. நஷ்டஈடு கேட்டு நிற்கிறவருக்குச் சேரவேண்டியது பாக்கி. அதைத் தர்மம் என்று பேர் மாற்றிக் கொடுத்தால் வாங்குகிறவர் இரண்டு முறை ஏமாறுகிறார். பொட்டலம் கொடுத்த கை, மறுநாள் அவரோடு மனுவிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது டப்பா இல்லை. சம்பளம் விழுந்த அன்றே, இஎம்ஐ பிடிக்கும் முன், ஒரு தொகையை ஒதுக்கிவிடுகிறேன். தெரு முனையில் இட்லி விற்கிற அக்காவின் மகளின் பரீட்சைக் கட்டணத்துக்கோ, யாருடைய மருந்துச் சீட்டுக்கோ போய்விடும். மாதக் கடைசியில் கையைக் கடிக்கத்தான் செய்கிறது. "ஊருக்குக் கொடுத்துட்டு என்கிட்ட கடன் கேளு" என்று தம்பி சிரிப்பான். கேட்கிறேன். அவனும் கொடுக்கிறான், திட்டிக்கொண்டே.