இச்சையும் குரல்வளையும்

மனம் கையை அசையச் சொன்னால் கை அக்கணமே அசைகிறது, அதே மனம் தனக்குத்தானே ஒன்றைக் கட்டளையிட்டால் மட்டும் ஏன் கீழ்ப்படிய மறுக்கிறது என்று புனித அகுஸ்தினார் தமது பாவசங்கீர்த்தன நூலின் எட்டாம் பாகத்தில் வியந்து நிற்கிறார். சரீரம் சங்கல்பத்துக்குப் பணிந்த ஏவலாள் என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை. அவர் ஐயுறாது விட்ட அந்தப் பாதியை ஐயுறச் செய்யும் நோயொன்று உண்டு. மருத்துவர்கள் அதனை ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா என்பர்; குரல்வளை இசிப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பெரும்பாலும் நடுவயதில், ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றும் இந்நோயில், பேசத் தொடங்கியதும் குரல்நாண்கள் தாமாகவே ஒன்றையொன்று நெருக்கி இறுகிக்கொள்ள, சொல் நடுவிலேயே நெரிபட்டு அறுந்துபோகிறது. சிலருக்கு மாறாக அவை வேண்டாத நேரத்தில் விலகி, குரல் வெறும் காற்றாய்க் கழிந்துவிடுகிறது. ஆயினும் அதே மனிதர் வாய்விட்டுச் சிரிக்கையில், தேம்பி அழுகையில், குரலுக்கு யாதொரு தடையும் இருப்பதில்லை.

இந்த விசித்திரமே அவருக்கு வினையாயிற்று. 1871-ல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் டிரவுபே இதனை நரம்புக் கிளர்ச்சியால் விளைந்த கரகரப்பென்று வருணித்த பின்னர், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் இது மனோவியாதிகளின் பட்டியலிலேயே கிடந்தது. சிரிக்க இயன்றவர்க்குப் பேச இயலவில்லையெனில் பேச மனமில்லை என்பதே பொருளென அனுமானித்தனர். நம் தருக்க நூலார் ஹேத்வாபாசம் என்று கூறும் போலி ஏதுவுக்கு இதனினும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. நம்மிடையே முன்வினை என்று சொல்லி முடித்துவிடுவோரும் அதே குற்றச்சாட்டை ஒரு பிறவி முன்னே தள்ளி வைக்கின்றனரேயன்றி வேறொன்றும் செய்வதில்லை.

1968-ல் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஆர்னால்ட் ஆரன்சன் முதலியோர் இதில் நரம்பியற் கூறு உண்டென்று எழுதிய பின்னரே எண்ணம் மாறலாயிற்று. சிரிப்பும் அழுகையும் மூளையின் ஆழத்திலுள்ள தொன்மையான பாதை வழியே குரல்வளையை அடைகின்றன. பயின்று பேசும் பேச்சோ, மூளையின் புறணியிலிருந்து குரல்வளையை இயக்கும் நரம்பணுக்களுக்கு நேரே இறங்கும் வேறொரு பாதையைக் கொண்டது. அந்தப் புறணிப் பகுதி அழிந்த பின்னும் குரங்கு கத்தும், மனிதனோ பேச்சிழந்துவிடுவான். ஆகவே சிரிப்பு தப்பியிருப்பது கள்ளத்தனத்தைக் காட்டவில்லை; கோளாறு எந்தப் பாதையில் உள்ளதென்பதையே காட்டுகிறது.

சிகிச்சையின் கதை இன்னும் சிந்தனைக்குரியது. 1976-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஹெர்பர்ட் டெடோ குரல்வளை நரம்பொன்றைத் துண்டித்து உடனடி நிவாரணம் கண்டார். சில ஆண்டுகளில் பலருக்கு இசிப்பு மீண்டது. 1984-ல் நியூயார்க்கின் ஆண்ட்ரூ பிளிட்ஸர், பொட்டுலினம் என்னும் கொடிய நஞ்சை மிகச் சிறிய அளவில் குரல்வளைத் தசையில் செலுத்தினார். (கெட்டுப்போன இறைச்சியில் பிறக்கும் இந்நஞ்சு ஒருநாள் மருந்தாகலாமென 1822-லேயே எழுதியவர் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், அவர் கவிஞருமாவார்.) தசையை ஏவும் ரசாயனத்தை நஞ்சு தடுக்க, மூன்று நான்கு மாதங்களுக்குக் குரல் தெளிகிறது. இது நம்பிக்கையால் விளைந்த பலனோ என்று கேட்போருக்கு, நோயாளியும் மருத்துவரும் அறியாவண்ணம் மருந்தையும் உப்புநீரையும் செலுத்தி ஒப்பிட்ட 1991-ஆம் ஆண்டு ஆராய்ச்சி விடையளித்துவிட்டது.

ஊசி தொட்டது தசையை மட்டுமே. மனத்தை எவரும் சீர்திருத்தவில்லை. எனினும் குரல் திரும்பியது. அவ்வாறாயின் பேச வேண்டுமென்ற இச்சை அங்கே முன்பும் முழுமையாகவே இருந்திருக்க வேண்டுமன்றோ? இதைக் கண்டு, எல்லாம் மூளையே, இச்சை என்பதொன்றில்லை என்று தாவிவிடுவாருடைய முடிவையும் நான் ஏற்பதற்கில்லை. சொல்ல விரும்பும் ஒருவர் உள்ளே இல்லாவிடில், அறுந்த குரல் ஒரு ஓசையாக மட்டுமே இருக்கும், துன்பமாக இராது. வாக்கைக் கன்மேந்திரியங்கள் ஐந்தில் ஒன்றாக எண்ணி, கருவி வேறு ஆன்மா வேறு என்று வைத்த சைவ சித்தாந்திகளின் பகுப்பே இவ்விஷயத்தில் அகுஸ்தினாரின் எஜமான உவமையினும் பொருத்தமாக எனக்குத் தோன்றுகிறது. இந்த நோயாளிக்குக் கருவியே பிணக்குற்றது, ஏவியவர் குற்றமற்றவர்.

மூலகாரணம் இன்னும் பிடிபடவில்லை. உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் இவ்வாறு குரல் நெரிபடுமாயின், அவரைக் கடிந்துகொள்ளாமல் தொண்டை மருத்துவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அவர் பேசி முடிக்குமுன் அவருடைய வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள்.