நோயும் குற்றமும்
உள்ளம், உடல், ஆன்மிகம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

தமிழில் 'நோய்' என்னும் சொல் உடலைப் பற்றும் பிணியை மட்டும் குறிப்பதன்று. சங்க அகப்பாடல்களிலே பிரிவால் வருந்தும் தலைவியின் துயரமும் நோயே. குறளின் காமத்துப்பாலிலும் அச்சொல் பெரும்பாலும் உள்ளத்தின் வருத்தத்தையே சுட்டுகின்றது. உடலின் வேதனைக்கும் உள்ளத்தின் வேதனைக்கும் ஒரே பெயரிட்ட மொழியைப் பேசுவோருக்கு, அவை இரண்டும் தொடர்புடையன என்ற கருத்துப் புதிதன்று. அத்தொடர்பு எதுவரை செல்வது என்பதே வினா. அவ்வினாவினுள் ஓர் அறப்பிரச்சினையும் அடங்கியுள்ளது. எண்ணமே உடலை ஆள்வதாயின், ஆன்மிக வாழ்வு உடல்நலத்தை உறுதிசெய்வதாயின், நோயுற்றவன் எண்ணத்திலோ பக்தியிலோ குறையுடையவன் என்ற முடிவு தானாகவே பெறப்படும். நோயோடு குற்றமும் அவன்மேற் சுமத்தப்படும். இம்முடிவு ஏற்புடையதா என்பதே இங்கு ஆராயப்படுவது.

உள்ளத்தின் வலிமை

உடலின்மேல் உள்ளம் செலுத்தும் செல்வாக்கை இன்று மறுப்பதற்கில்லை. அச்சமும் சினமும் தோன்றுகையில் அதிரினலின் சுரந்து, இருதயத் துடிப்பு விரைந்து, சமிபாடு தளர்வதை உடற்றொழிலியலாளர் வால்டர் கனன் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே விளக்கினார். 1975இல் ஏடர், கோகன் ஆகிய இருவரும் நடத்திய பரிசோதனை இதனினும் வியப்புக்குரியது. நிர்ப்பீடனத்தை, அதாவது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்தொன்றை இனிப்பு நீரோடு சேர்த்து அவர்கள் எலிகளுக்குக் கொடுத்தனர். பின்னர் இனிப்பு நீர் மட்டுமே கொடுக்கப்பட்டபோதும் அவ்வெலிகளின் எதிர்ப்பாற்றல் குறைந்தது. அதுகாறும் மூளையோடு தொடர்பற்றதெனக் கருதப்பட்ட ஓர் ஆற்றல், கற்றலுக்கும் நினைவுக்கும் கட்டுப்படுவதாயிற்று.

மருந்துப்போலி பற்றிய ஆய்வும் இத்தகையதே. பல் அகற்றப்பட்டபின் மருந்துச் சத்தெதுவும் இல்லாத ஊசியைப் பெற்ற சிலருக்கு, வலிநீக்கி கிடைத்ததென்ற நம்பிக்கையாலேயே வலி தணிந்தது. மூளையிற் சுரக்கும் இயற்கையான வலிநீக்கிகளைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்பட்டபோது அவர்களுக்கு வலி மீண்டும் மிகுந்தது. 1978இல் வெளிவந்த இவ்வாய்வு, நம்பிக்கை என்பது வெறுங்கற்பனையன்று, உடலினுள் இரசாயன வழியிலே தொழிற்படுவது என்பதை உணர்த்தியது. செபமாலை உருட்டுவோரும் மூச்சை எண்ணித் தியானிப்போரும் அடையும் அமைதிக்கு உடலளவிலும் ஒரு பயன் உண்டென்பதை ஐயுறவேண்டியதில்லை.

வலிமையின் எல்லை

ஆயின், செல்வாக்கு வேறு, ஆட்சி வேறு. இவ்வேறுபாட்டை மறந்தவிடத்து நேரும் தவறுக்கு வயிற்றுப்புண் தக்க சான்றாகும். பல தசாப்தங்களாக அந்நோய், கவலையும் பதற்றமும் மிக்க மனத்தின் விளைவெனவே பெரிதும் கொள்ளப்பட்டது. மனத்தை அமைதிப்படுத்துமாறும் உறைப்பைக் குறைக்குமாறும் நோயாளருக்குப் புத்திமதி கூறப்பட்டது. அவுஸ்திரேலிய வைத்தியர்களான வொறன், மார்சல் ஆகியோர் இரைப்பையில் வாழும் ஒரு பற்றீரியாவே அப்புண்களுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணமெனக் கண்டனர். அக்கருத்தை மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. 1984இல் மார்சல் அக்கிருமியைத் தாமே பருகி நோயுற்றார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உளநிலையைக் குறைகூறி வந்த நோயொன்று சில வாரகால மருந்தினால் மாறத் தொடங்கியது.

புற்றுநோய் பற்றிய ஆய்வுகளும் கருதத்தக்கன. முற்றிய மார்பகப் புற்றுநோயுடைய பெண்கள் குழுவாகக் கூடித் தம் துயரங்களைப் பகிர்ந்துகொள்வதால் அவர்களின் ஆயுள் நீள்கின்றதென 1989இல் ஓர் ஆய்வு கூறியது. 235 பெண்களைக் கொண்டு கனடாவில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான பேராய்வில் அம்முடிவு உறுதிப்படவில்லை, ஆயுள் நீளவில்லை. ஆயினும், தொடக்கத்தில் மிகுந்த மனத்துயரும் வலியும் உடையோராயிருந்த பெண்களுக்கு அவை தணிந்தன. உள்ளம் எதனைச் செய்யவல்லது, எதனைச் செய்யவியலாதது என்பதை இவ்வொரு முடிவு தெளிவாகவே பிரித்துக் காட்டுகின்றது.

பிரார்த்தனையையும் அளந்து பார்க்க முயன்றோர் உளர். இருதயச் சத்திரசிகிச்சை பெற்ற 1802 பேரிடம் ஐக்கிய அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வு 2006இல் வெளிவந்தது. தமக்காகப் பிறர் பிரார்த்திக்கின்றனரா என்பதை அறியாதிருந்தோருள், பிரார்த்திக்கப்பட்டவரில் நூற்றுக்கு 52 பேருக்கும், பிரார்த்திக்கப்படாதவரில் நூற்றுக்கு 51 பேருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. தமக்காகப் பிரார்த்தனை நடைபெறுவதை உறுதியாக அறிந்திருந்தோரிலோ அத்தொகை நூற்றுக்கு 59 ஆயிற்று. இதனைக் கொண்டு பிரார்த்தனை வீணென முடிவுசெய்தல் பொருந்தாது. மாத்திரையை அளக்கும் கோலால் அளக்கத்தக்க பொருளன்று அது என்பதே கொள்ளத்தக்க முடிபாகும்.

ஞானியரின் நோய்

ஆன்மிகம் உடல்நலத்தைத் தரும் சாதனமெனின், ஆன்மிகத்தில் உயர்ந்தோர் உடல்நலத்திலும் உயர்ந்திருத்தல் வேண்டும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இராமகிருஷ்ண பரமஹம்சர் 1886இல் தொண்டைப் புற்றுநோயால் மறைந்தார். அவர்தம் சீடர் விவேகானந்தர் நீரிழிவும் ஈளையும் வருத்த, 39 வயதில், 1902இல் மறைந்தார். இரமண மகரிஷியின் இடக்கையிற் தோன்றிய கட்டி நான்கு தடவை சத்திரசிகிச்சை செய்யப்பட்டும் மாறாது, 1950இல் அவர் உடல் நீங்கினார். இவர்களின் தியானத்திற் குறை காண்பார் எவருமிலர்.

பக்தி இலக்கியத்தில் நோய் நீங்கிய வரலாறுகள் உண்மையே. திருநாவுக்கரசரின் சூலை திருவதிகையிலே நீங்கியதைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். ஆயின், அவ்வரலாறு அருளின் பெருமையை உணர்த்த எழுந்தது. நோய் நீங்காதோர் அருளற்றோர் என விதி செய்ய எழுந்ததன்று. அருளை ஒரு விதியாக்கினால் அது அருளாக இராது, கூலியாகிவிடும்.

வினையும் பிணியும்

நோய்க்கு முன்வினையைக் காரணங்கூறும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியது. இவ்விடத்துப் பௌத்த மரபின் சான்றொன்று நினைவுகூரத்தக்கது. மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினையின் பயனா என்று சீவகன் என்னும் துறவி வினவியபோது, புத்தர் அதனை மறுத்ததாகச் சங்யுத்த நிகாயம் கூறுகின்றது. பித்தம், சிலேட்டுமம், வாதம், அம்மூன்றின் கூட்டு, பருவமாற்றம், பேணாமை, புறத்தாக்குதல் ஆகியவற்றின் பின்னரே எட்டாவதாக வினை அங்கு வைக்கப்படுகின்றது. கன்மக் கோட்பாட்டை ஏற்ற ஒருவரே, நோய்கள் யாவற்றுக்கும் அதனைக் காரணமாக்குதல் தவறென்றமை ஆழ்ந்து சிந்திக்கற்பாலது.

இவ்வெச்சரிக்கை மறக்கப்பட்டதன் விளைவைத் தொழுநோயாளர் அனுபவித்தனர். அந்நோய் கிருமியொன்றின் செயலென்பதை நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் 1873இல் கண்டறிந்தார். கூட்டு மருந்துகளால் அதனை முற்றாக மாற்றமுடியும் என்பது 1980கள் முதல் உலகெங்கும் நடைமுறையிற் கண்ட உண்மை. எனினும், பாவத்தின் பயன் என்ற பழி மருந்தால் நீங்குவதன்று. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலே தனித்து வைக்கப்பட்டோரை அவர்தம் ஊரிலிருந்து பிரித்தது வாவியின் நீர் மட்டுமன்று.

பழைய பழி இன்று புதிய மொழியிற் பேசப்படுகின்றது. நல்லெண்ணம் கொண்டால் நோய் அணுகாது, எதிர்மறை எண்ணமே நோயை அழைக்கும் என்போர், பாவம் என்ற சொல்லை நீக்கிவிட்டுப் பாவத்தின் தண்டனையை மட்டும் வைத்துக்கொள்கின்றனர். இவர்களுக்குரிய மறுமொழியைப் பொகீமிய இளவரசி எலிசபெத் பதினேழாம் நூற்றாண்டிலேயே அளித்துவிட்டார். நல்லறிவால் உள்ளத்தை ஆள்பவர் இன்பநிலை எய்தலாமென மெய்யியலாளர் டேக்கார்ட் அவருக்கு எழுதினார். பகுத்தறியும் ஆற்றலையே முற்றாக அழித்துவிடும் நோய்களும் உள்ளனவே என 1645இல் எலிசபெத் மறுமொழி வரைந்தார். எண்ணத்தால் நோயை வெல்லுக என்போர், எண்ணத்தையே நோய் வென்றுவிடும் நிலையைக் கருதுவதில்லை. மறதிநோயால் தாம் பெற்ற மக்களையே அறியாதிருக்கும் முதியவரிடம் நல்லெண்ணத்தை வேண்டுதல் எவ்வாறு பொருந்தும்?

ஆன்மிகத்தின் இடம்

அவ்வாறாயின் நோயில் ஆன்மிகத்திற்கு இடமில்லையா? இடம் உண்டு, அது மருந்தின் இடமன்று. இரண்டு அம்புகள் பற்றிய பௌத்த உவமை இதனை விளக்கும். உடலின் வலி முதலாவது அம்பு. அவ்வலி கண்டு கலங்குதலும் புலம்புதலும் இரண்டாவது அம்பு. ஞானி முதலாவது அம்பிலிருந்து தப்புவதில்லை. இரண்டாவது அவனைத் தைப்பதில்லை. 'எனக்கு ஏன் இது வந்தது, நான் செய்த பிழை யாது' என்று நோயாளன் இராப்பகலாகத் தன்னையே வினவுவதும் அவ்விரண்டாவது அம்பே. நோயைக் குற்றமாக்கும் போதனை, அவ்வம்பை அகற்றுவதற்கு மாறாகத் தானே அதனை எய்கின்றது. ஆன்மிகத்தின் பெயரால் இது நிகழ்வது பெருங்கொடுமையாகும்.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயாளன், வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுவோன். நோயாளனின் பிழையை ஆராய்வோனுக்கு அந்நான்கில் இடமில்லை. உடனிருப்போனுக்கு இடமுண்டு. எண்ணத்துக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு மெய்யாயின், தனிமையும் பழியும் நோயாளனின் உடலையும் தாக்கும். அன்பும் ஆறுதலும் அவ்வுடலையும் சென்றடையும். எனவே அத்தொடர்பு நோயாளன்மேற் சுமத்தும் கடமையினும், அவனைச் சூழ்ந்திருப்போர்மேற் சுமத்தும் கடமையே பெரிது. வைத்தியசாலைக் கட்டிலின் அருகே நிற்பவன் கேட்கவேண்டிய வினா, 'இவன் என்ன நினைத்தான், எதனை வழிபட்டான்' என்பதன்று. 'இவனுக்கு இப்போது என்ன வேண்டும்' என்பதே.