மௌனம் சம்மதமா? – கோழி வளர்ப்பும் அயலறமும்

அறவியல் ஆராய்ச்சிகள் பெரும்பாலும் போர், தண்டனை, அரச கடமை முதலிய பெரும்பொருள்களையே எடுத்துக்கொள்கின்றன. எனினும், மனிதன் நாள்தோறும் எதிர்கொள்ளும் அறச்சிக்கல்கள் அவன் வீட்டு மதிலோரத்திலேயே தோன்றுகின்றன. ஒருவர் தம் வளவினுள் வளர்க்கும் கோழியின் குரல் அடுத்த வளவிலும் கேட்கிறது. அதன் எச்சத்தின் நாற்றம் அங்கும் வீசுகிறது. வேலியிலே இடைவெளி இருப்பின் கோழியே அங்கு சென்று நாற்றுகளைக் கிளறுகிறது. உடைமை மதிலோடு முடிவடைய, உடைமையின் விளைவு மதிலைக் கடந்து செல்கிறது. இந்நிலையில் வளர்ப்பவர் அயலவருக்குச் செய்யவேண்டிய கடமை யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

கொழும்பு மாநகரின் பம்பலப்பிட்டி இவ்வினாவுக்குத் தக்க களமாகும். காலி வீதிக்கும் கடற்கரைப் புகையிரதப் பாதைக்கும் இடையேயுள்ள ஒழுங்கைகளில் பழைய ஓட்டு வீடுகளும் புதிய தொடர்மாடிகளும் நெருங்கி நிற்கின்றன. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோர் ஒரே ஒழுங்கையிலே வாழ்ந்துவந்த பகுதி இது. பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில் எனச் சேவற்கொடியோனுக்கு இரு கோயில்கள் இங்கு உண்டு. வஜிராராம விகாரையும் இங்கேயே அமைந்துள்ளது. சேவலைக் கொடியிலே கொண்ட கடவுளை வணங்குவோர் வாழும் இடத்திலே சேவலின் குரல் தொல்லையென எண்ணப்படுவது முரணாகத் தோன்றலாம். ஆயின், கொடியிலுள்ள சேவல் எவர் உறக்கத்தையும் கலைப்பதில்லை.

கோழியால் நேரும் பூசல் புதியதன்று. உலரும் உணவைக் கவரவந்த கோழியின்மீது மகளிர் பொற்குழையை எறிந்ததாகப் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைச் சித்திரிக்கும். அக்கோழி யாருடையது என்று புலவர் கூறவில்லை. பொன்னை எறியத்தக்க செல்வ நகரிலே அவ்வினா எழவேண்டியதில்லை போலும். பற்றாக்குறைக் காலத்திலோ அவ்வினாவே முதன்மை பெறுகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யும்பொருட்டு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இசைந்தது. முட்டையொன்றின் விலை ஐம்பது ரூபாவைத் தாண்டிற்று. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டது. அத்தகைய காலத்திலே நான்கு பேடுகளை வளர்க்க முனைந்த ஒரு குடும்பத்தின் செயலைப் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிட இயலாது. பிள்ளைகளின் உணவு அதிலே தங்கியிருந்தது. அவ்வாறே, மதிலுக்கு அப்பால் இரவுக் கடமை முடிந்து விடியலிலே உறங்கச் செல்லும் ஒருவரின் உறக்கமும் வீண் சொகுசன்று. இரு தரப்பிலும் நியாயம் இருப்பதனாலேயே வினா அறவியல் வினாவாகிறது.

இத்தகைய வழக்கிலே முதலில் சட்டத்தை நாடுவது இயல்பு. இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டம், வளர்ப்பு விலங்கு விளைத்த நட்டத்துக்கு உரிமையாளர் பொறுப்பாவார் என்னும் பழைய கோட்பாட்டைக் கொண்டது. அதன் வேர் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டத்தில் உள்ளது. உரிமையாளர் நட்டத்தை ஈடுசெய்தல் வேண்டும். அன்றேல் விலங்கையே ஒப்படைத்துவிடுதல் வேண்டும் என்பது அன்றைய விதி. 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் சுகாதாரத்துக்குக் கேடான அழுக்கைத் தண்டிக்கிறது. துணைவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சபைகளுக்கு அளித்தது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்க வழிசெய்தது. இவை யாவும் பயனுடையவையே. ஆயினும், இவற்றுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. யாரேனும் ஒருவர் முறையிட்டாலன்றி இவை பெரும்பாலும் அசைவதில்லை. எனவே, முறைப்பாடு இல்லாத இடத்தில் தொல்லையும் இல்லை என வளர்ப்பவர் கருதிக்கொள்ள இடமுண்டாகிறது.

மெய்யியலாரின் கருத்துகளும் இவ்விடத்திலே வந்து தடைப்படுகின்றன. பிறர்க்குத் தீங்கு விளையுமிடத்தே ஒருவனின் சுதந்திரத்துக்கு எல்லை இடலாம் என்றார் ஜோன் ஸ்டுவர்ட் மில் (1859). தொல்லை என்பது இருவழிப்பட்டது என 1960இல் வாதிட்டார் பொருளியல் அறிஞர் றொனால்ட் கோஸ். சேவல் அயலவருக்கு இடர் விளைப்பது உண்மையாயின், சேவலைத் தடுப்பது வளர்ப்பவருக்கு இடர் விளைப்பதும் உண்மையே. பேரம் பேசுவதற்குச் செலவே இல்லையெனின், இருவரும் பேசித் தமக்குள் உகந்த முடிவை எட்டுவர் என்பது அவரது வாதத்தின் ஒரு பகுதி. பேரத்துக்குச் செலவு உண்டு என்பதையும் அவரே வலியுறுத்தினார். ஆயின் அச்செலவு பணமும் நேரமும் மட்டுமன்று. வாய் திறப்பதற்கே அஞ்சுவோரும் உளர்.

‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்னும் வழக்குமொழியின் குறைபாடு இங்கேதான் புலனாகிறது. மௌனம் சம்மதமாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மறுக்க விரும்பினால் இழப்பின்றி மறுக்கக்கூடிய நிலை இருத்தல் வேண்டும். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி கொழும்பின் விடுதிகளிலே தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரினின்றும் வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அத்தகைய காலத்திலே பம்பலப்பிட்டியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்த யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு நடமாடும் அவர், அடுத்த வீட்டுச் சேவலைப் பற்றி முறையிடச் சென்றிருப்பாரா? சென்றிரார். அவரது மௌனத்தைச் சம்மதமெனக் கணக்கிட்டவர் விதியை மீறியவரல்லர். எனினும் அறத்தினின்றும் வழுவியவரே. போர் 2009இல் முடிவுற்ற பின்னரும் வாடகைக்கு இருப்போர், வீட்டுப் பணியாளர், முதியோர் முதலானோரின் மௌனம் இத்தகையதே.

இதனின்றும் பெறப்படும் முடிபு ஒன்று உண்டு. கேட்கவேண்டிய பொறுப்பு தொல்லைக்கு உள்ளாகுபவரைச் சார்ந்ததன்று. தொல்லைக்குக் காரணமாகக்கூடியவரையே சார்ந்தது. கூடு கட்டியபின் கேட்பது அறிவித்தலாகுமே தவிர, கேட்டலாகாது. ‘உங்களுக்குத் தொல்லையாக இருக்கிறதா?’ என்ற வினாவும் போதாது. நாகரிகமுடையவர் எவரும் அதற்கு ‘இல்லை’ என்றே விடை பகர்வர். ‘நீங்கள் உறங்கும் அறை எந்தப் பக்கம்? கூட்டை எங்கே வைத்தால் நல்லது?’ என்ற வினாவே மறுமொழிக்கு இடந்தருகிறது. முட்டையைக் கொடுப்பதிலும் முறை உண்டு. கேட்பதற்கு முன் கொடுத்த முட்டை வாயை அடைக்கும். கேட்டுத் தெளிந்தபின் கொடுத்த முட்டை உறவை வளர்க்கும்.

கேட்டபோதும் பேசமாட்டாதவர் இருப்பர். ஆகவே சிலவற்றைக் கேளாமலே செய்தல் வேண்டும். பேடு முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிப்பதற்கே அது வேண்டும். சேவலின் கூவல் வெளிச்சத்தைக் கண்டு மட்டும் எழுவதன்று. அதன் உடலினுள் அமைந்த நாட்கடிகையே அதனை ஏவுகிறது என 2013இல் யப்பானிய ஆய்வாளர் நிறுவினர். எனவே, கூட்டை இருளாக்கிவிட்டால் சேவல் அடங்கிவிடும் என நம்புவது முழுப் பயன் தராது. முட்டைக்காகவே கோழி வளர்ப்பவர் நெருங்கிய ஒழுங்கையிலே சேவலைத் தவிர்ப்பது அவருக்குச் சிறு இழப்பு. அயலவருக்குப் பெரும் ஆறுதல். எச்சத்தை நாள்தோறும் அகற்றுவதும், சிந்திய தீனியை எலிக்கு விடாது கூட்டுவதும் அவ்வாறே.

எதிர்வாதமும் ஒன்று உண்டு. முறையிடுவோர் எப்போதும் நலிந்தவர்களா? பிரான்சின் ஒலெரோன் தீவிலே மொறிஸ் என்னும் சேவலுக்கு எதிராக வழக்குத் தொடுத்தவர்கள் அங்கு விடுமுறை வீடு வைத்திருந்தவர்கள். 2019இல் நீதிமன்றம் சேவலின் பக்கமே தீர்ப்பளித்தது. 2021இல் நாட்டுப்புற ஒலிகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாகக் கருதும் சட்டமும் அங்கு பிறந்தது. சிங்கப்பூரிலோ 2017இல், குடியிருப்பாளர் சிலரின் முறைப்பாட்டைத் தொடர்ந்து சின் மிங் பகுதியிலே திரிந்த 24 கோழிகளை அதிகாரிகள் கொன்றனர். பம்பலப்பிட்டியிலும் ஓட்டு வீட்டின் முற்றத்துக் கோழியைத் தொடர்மாடியின் ஏழாம் மாடியிலிருந்து வெறுப்பவர் இருக்கலாம். அங்கே வாய் திறக்க அஞ்சுபவர் வளர்ப்பவரே. ஆகவே, முறைப்பாட்டுக் கடிதம் எழுதுமுன் படியிறங்கி வந்து கதவைத் தட்டும் கடமை மாடியில் வாழ்பவருக்கும் உண்டு. கேட்கும் கடமை இருவருக்கும் பொதுவாயினும், வலியவருக்கே அது முதற்கடமையாகும்.

இவ்வளவு சிறிய பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமா என வினவலாம். 1983ஆம் ஆண்டு ஜூலையிலே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆகிய பகுதிகளிலும் தமிழர் இல்லங்கள் எரிக்கப்பட்டன. அப்போது சட்டம் காவாது விட்ட பலரைச் சிங்கள அயலவரும் முஸ்லிம் அயலவரும் தம் வீடுகளிலே மறைத்து வைத்துக் காத்தனர். எந்த விதியும் அவர்களை அவ்வாறு செய்யுமாறு பணிக்கவில்லை. அன்று திறந்த கதவுகள் அன்றுதான் பழகியவை என்று கூறுவதற்கில்லை. பல்லாண்டு காலம் மதிலுக்கு மேலாகக் கறிவேப்பிலையும் பலகாரமும் கைமாறிய இடங்களிலே அவற்றைத் திறப்பது எளிதாயிருந்திருக்கும். விதிகள் அயலவரிடையே தூரத்தை வரையறுக்கின்றன. அத்தூரத்தைக் கடந்து சென்று கேட்பவரே அயலைப் படைக்கின்றார். கூட்டுக்கு முதற்கம்பை நடுமுன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுதல் ஒரு கோழியின் பொருட்டு மட்டும் செய்யும் செயலன்று.