கேட்டுக்கு உள்ளே

திருவள்ளூர் மாவட்டத்தின் பெரியபாளையம் வழியாகக் காலையில் போகும் கம்பெனி பஸ்களைப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அவை போய் நிற்கும் கேட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. தேர்வாய்கண்டிகையில் மிச்செலின், லாரி, பஸ் டயர்களைச் செய்கிறது. திருவள்ளூரில் கேட்டர்பில்லர், சுரங்கங்களுக்கான ராட்சத லாரிகளைச் செய்கிறது. எல்லாமே ஒரே நாளில் போய்வரும் தூரம்.

டயரையே எடுத்துக்கொள்வோம். அச்சுக்குள் போகும்போது அதில் தரையைப் பிடிக்கும் பட்டன் கிடையாது, மொழுமொழுவென்று இருக்கும். சூடும் அழுத்தமும் பட்டதும், கந்தகம் ரப்பர் இழைகளைப் பிணைக்க, பட்டன் பதிந்து இறுகி வெளியே வருகிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த வேதியியல் இது.

இதையெல்லாம் நேரில் காட்ட, அமெரிக்காவில் 2012 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் முதல் வெள்ளியன்று ஆலைகள் மாணவர்களை உள்ளே அழைக்கின்றன. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் பள்ளிகளுக்கு உயர்கல்வி வழிகாட்டலைக் கொண்டுவந்தது. அதோடு பக்கத்து ஆலைக்கு ஒருநாள் பயணமும் சேரட்டும். ஐடிஐ, டிப்ளமோ, பி.இ. படித்தவர்கள் ஒரே கூரையின் கீழ் என்னென்ன வேலை பார்க்கிறார்கள் என்று, பத்தாம் வகுப்பு முடிவதற்கு முன்பே பிள்ளைகள் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.