தொலைவும் பொறுப்பும்: பாரிசவாதச் சிகிச்சை எழுப்பும் ஓர் அறவினா

நோயாளியின் அருகில் இருத்தலே மருத்துவ அறத்தின் முதற்படி என்பது தொன்றுதொட்டு ஒப்புக்கொள்ளப்பட்டு வந்த கொள்கையாகும். நாடி பார்ப்பதும், உடலைத் தொட்டு ஆராய்வதும், முகக்குறிப்பினை உணர்வதும் வைத்தியனின் அறிவுக்கு மட்டுமன்றி அவனது பொறுப்புக்கும் அடிப்படையாகக் கொள்ளப்பட்டன. கண்டவனே தீர்மானித்தான், தீர்மானித்தவனே மருந்து கொடுத்தான், விளைவுக்கும் அவனே விடைகூறினான். தீர்மானிப்பவன் ஓரிடத்தும் மருந்தைச் செலுத்துபவன் வேறோரிடத்தும் இருக்கும் நிலை தோன்றும்போது இவ்வொருமை குலைகின்றது. கிராமப்புற வைத்தியசாலைகளிலே தொலைமருத்துவத்தின் துணைகொண்டு பாரிசவாதத்துக்குச் சிகிச்சை அளிக்கும் முறை, செயலுக்கு உரியவன் யார் என்னும் வினாவை இவ்வகையிற் கூர்மையாக எழுப்புகின்றது.

பாரிசவாதம் இருவகைப்படும். மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவதால் வருவது ஒன்று. குழாய் வெடித்துக் குருதி பெருகுவதால் வருவது மற்றொன்று. கை கால் செயலிழத்தல், வாய் கோணல், பேச்சுக் குழறல் ஆகிய புறக்குறிகளைக் கொண்டு மட்டும் இவற்றை உறுதியாக வேறுபடுத்த இயலாது, அதற்குச் சி.ரி. படம் வேண்டும். முதல்வகைக்கு, உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்து உண்டு. அதே மருந்து இரண்டாம் வகையினரின் உயிருக்கே கேடாகலாம். 1995ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் வெளியான ஆய்வொன்று, நோய் தோன்றி 3 மணித்தியாலத்துள் இம்மருந்தைப் பெற்றோர் ஊனமின்றியோ சிற்றூனத்துடனோ மீளும் வாய்ப்பு குறைந்தது 30 வீதம் கூடுதலாகும் எனக் காட்டிற்று. ஆயின், மருந்து பெற்றோருள் 6.4 வீதத்தினருக்கு மூளையிற் பாரதூரமான குருதிப்பெருக்கு ஏற்பட்டது. பெறாதோருள் அது 0.6 வீதமே. 2008ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆய்வு கால எல்லையை 4.5 மணித்தியாலமாக நீட்டியது. எனினும், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என மதிப்பிடப்பட்டுள்ளது. விரைவும் வேண்டும், நுண்ணறிவும் வேண்டும். நுண்ணறிவு படைத்தோரோ பெரும்பாலும் நகரங்களிலேயே உளர்.

ஜேர்மனியின் பவேரியா மாநிலம் இவ்விடைவெளியைக் கடக்க முற்பட்டது. 2003ஆம் ஆண்டு முதல் மியூனிச், றேகன்ஸ்பேர்க் ஆகிய நகரங்களிலுள்ள இரு நிலையங்கள், கிழக்குப் பவேரியாவின் 12 பிராந்திய வைத்தியசாலைகளுடன் இணைக்கப்பட்டன. நகரத்து நிபுணர் ஒளித்திரையிலே நோயாளியைக் காண்பார்; கையை உயர்த்தும்படியும், பொருள்களின் பெயரைக் கூறும்படியும் கேட்பார்; அனுப்பப்பட்ட படத்தை ஆராய்ந்து தம் முடிவைத் தெரிவிப்பார். ஊசி ஏற்றுவது அருகிலுள்ள வைத்தியர். இவ்வமைப்பிற் சேர்ந்த ஐந்து வைத்தியசாலைகளைச் சேராத ஐந்துடன் ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வு, மூன்று மாதத்தின்பின் தீய விளைவுக்கு ஆளானோர் முன்னவற்றில் 44 வீதம், பின்னவற்றில் 54 வீதம் என அறிவித்தது.

இனி, மருந்து ஏற்றிய நோயாளிக்குக் குருதிப்பெருக்கு உண்டாகி அவர் இறந்துவிடுகிறார் எனக் கொள்வோமாயின், பொறுப்பு யாருடையது? ‘எனக்குக் காட்டப்பட்டதையே கண்டேன்’ என நிபுணர் கூறலாம். ‘சொல்லப்பட்டதையே செய்தேன்’ என அருகிலிருந்தவர் கூறலாம். இரு கூற்றும் உண்மையே. ஆயினும் இரண்டும் சேருமிடத்து இறந்தவருக்கு விடைகூறுவோர் எவருமிலர். பொறுப்பினைப் பங்கிடப்படும் சொத்துப்போலக் கருதுவதே இத்தவறுக்குக் காரணமாகும். பங்காளிகள் கூடக்கூடச் சொத்துக் குறையும். பொறுப்பு அவ்வாறு குறைவதில்லை. காணாததைக் கேட்டறிவதும், ஐயம் தீராதவிடத்து மறுப்பதும் நிபுணரின் முழுக்கடன். கண்டதை மறையாது உரைப்பதும், அறிவுரை பிழையெனத் தோன்றின் அதனை எதிர்த்துரைப்பதும் அருகிலுள்ளவரின் முழுக்கடன். ஒருவர் கடனை மற்றவர் கடன் தள்ளுபடி செய்யாது.

கலிபோர்னியாவில் நடைபெற்று 2008இல் வெளியான ஆய்வொன்று இங்குக் கருதத்தக்கது. திரையிற் கண்டு எடுத்த முடிவுகளுள் 98 வீதமும், தொலைபேசியில் மட்டும் கேட்டு எடுத்தவற்றுள் 82 வீதமும் சரியானவை எனப் பின்னர் மதிப்பிடப்பட்டன. எனவே, காணும் வசதி இருந்தும் கேட்டலோடு அமைபவர் அறத்தில் வழுவியவராவர். ஆனால் 90 நாளின்பின் நோயாளிகளின் நிலையில் இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சரியான முடிவும் நல்ல விளைவும் எப்போதும் உடனிகழ்வதில்லை. முடிவின் அறத்தன்மை, அக்கணத்தில் அறிந்திருந்தவை, அறிந்திருக்கக் கூடியவை ஆகியவற்றைக் கொண்டே அளக்கப்படல் வேண்டும்; பின்வந்த விளைவை மட்டும் கொண்டன்று.

இதனினும் ஆழமானது செய்யாமையின் அறம் பற்றிய வினாவாகும். மருந்தினால் இறந்தவரின் மரணத்துக்கு ஒரு கை காரணமாகச் சுட்டப்படுகின்றது. மருந்து கிடையாமையால் வாழ்நாள் முழுவதும் ஒருபக்கம் செயலிழந்து கிடப்பவரின் துன்பத்துக்கு எவர் கையும் சுட்டப்படுவதில்லை; அது விதியெனக் கொள்ளப்படுகின்றது. அறியாமையாற் செய்த பிழை மன்னிக்கத்தக்கது எனினும், அவ்வறியாமைக்குத் தானே காரணமாயிருந்தவன் குற்றத்தினின்று நீங்கான் என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. நிபுணரை எட்ட வழியில்லாத காலத்திற் கிராமத்து வைத்தியரின் தயக்கம் நேர்மையானதாக, போற்றத்தக்கதாகக்கூட இருந்தது. வழி திறந்தபின் அதனை நாடாமை அத்தகையதன்று. வழியை அமைக்கும் ஆற்றலிருந்தும் அமைக்காத அரசுக்கும் இது பொருந்தும்.

எனினும், திரை ஒன்றே போதும் என அமைவது பெருந்தவறு. பவேரியாவில் ஒளித்திரை மட்டும் நிறுவப்படவில்லை. பாரிசவாத நோயாளருக்கெனத் தனி விடுதிகள் அமைக்கப்பட்டன. வைத்தியரும் தாதியரும் பயிற்றப்பட்டனர். அங்கு எய்திய நன்மை இவற்றையும் சேர்த்தே எய்தியதாகும். வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதியிலே மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என நான்காகப் பகுத்தார். தொலைவிலிருந்து வரக்கூடியது மருத்துவனின் அறிவு ஒன்றே. படுத்திருப்பவரைப் புரட்டுவதற்கும், விழுங்க இயலுமா எனச் சோதித்தபின் நீர் கொடுப்பதற்கும், பேச்சிழந்தவரின் கண்ணிலுள்ள அச்சத்தை உணர்வதற்கும் அருகில் ஒருவர் வேண்டும். தொலைமருத்துவத்தைக் காரணம் காட்டி அந்நான்காமவரைக் குறைக்கும் நிருவாகம், ஓர் அநீதியை நீக்குவதாகக் கூறிக்கொண்டு வேறோர் அநீதியை நிலைநாட்டுகின்றது.

ஆகவே, தொலைவு பொறுப்பைக் குறைப்பதில்லை. அதனை இருவர்மேலும் முழுமையாக ஏற்றுகின்றது என்பதே இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் முடிவாகும். நகரத்திலிருந்து அறுதல் மைல் தூரத்திற் பிறந்தமை ஒருவர் செய்த குற்றமன்று. அத்தூரத்துக்காக அவர் தம் வலக்கையையோ பேச்சையோ இழக்கவேண்டும் என்பது எந்த அறநூலும் விதிக்காத தண்டனையாகும்.